மூன்றாம் பக்கத்தில் ஒரு பிழை

நீங்கள் கொடுத்துவிட்டுப் போன பேனா நன்றாக எழுதுகிறது. காவல் நிலையத்துப் பேனாவைப் பற்றி எனக்கு இதுவரை நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. மூடி இருக்காது, மேசைக் காலோடு நூல் போட்டுக் கட்டியிருப்பார்கள், இரண்டாவது வரியில் மூச்சை விட்டுவிடும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். இது அப்படியில்லை. அதனால் நிதானமாகவே எழுதுகிறேன்.

“சார், இந்த நாலரை, அஞ்சரை எல்லாம் எங்களுக்குச் சுத்தமா புரியல. வேட்டைக்கு எது, டார்கெட்டுக்கு எது, எதை எங்க வெச்சு சுடணும்னு பொதுவா ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்துட்டு நீங்க வீட்டுக்குக் கிளம்புங்க. கேஸை முடிச்சிடலாம்” என்றீர்கள். உங்களுக்கு இது சாதாரண வேலை. எனக்கு அப்படியில்லை. இருபத்திரண்டு வருடமாக ஏர் ரைஃபிள் விற்கும் கடையில் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிறேன். இந்தக் கேள்வியை ஒருவர் மரியாதையாகக் கேட்டு, பதில் எழுதத் தாளும் கொடுத்து, டீயும் சொல்லிவிட்டுப் போனது இதுதான் முதல் தடவை. கடைக்கு வருபவர்கள் கேள்வியை மட்டும் கொண்டுவருவதில்லை, பதிலையும் போனில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். நான் தலையாட்ட வேண்டும், பெட்டியை எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

போகும்போது கோப்பைத் திறந்தபடியே வைத்துவிட்டுப் போனீர்கள். நான் படிக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை, நானும் சொல்லப்போவதில்லை. அழகான கையெழுத்து. விஷயமும் சுருக்கமாக இருக்கிறது. தானியக் குடோன் ஒன்றில், எலி சுடுவதற்காக வாங்கிய ஏர் ரைஃபிளிலிருந்து கிளம்பிய குண்டு இரும்புத் தகட்டில் பட்டுத் திரும்பி, நாற்பத்து நான்கு வயதுப் பெண் ஒருவரின் வலது கண்ணைப் போக்கிவிட்டது. விபத்து. அந்தப் பெண் என் மனைவி. குடோனும் துப்பாக்கியும் என் சகலையுடையவை. எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தில் மட்டும் ஒரு பிழை இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் நீங்கள் கேட்டது.

கேலிபர் என்றால் துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். மந்திரம் ஒன்றும் கிடையாது. ஏர் ரைஃபிளில் பொதுவாக இரண்டு அளவுகள்தான் நடமாட்டம்: நாலரை மில்லிமீட்டர், ஐந்தரை மில்லிமீட்டர். நாலரைக்குப் போடும் குண்டு லேசானது. வேகமாகப் போகும், நேராகப் போகும். பத்து மீட்டர் தள்ளிக் காகிதத்தை மாட்டி வைத்துச் சுட அதைவிட நல்லது இல்லை. காகிதம் சாக வேண்டிய அவசியம் இல்லை பாருங்கள், ஓட்டை விழுந்தால் போதும். ஐந்தரைக் குண்டு கனமானது. கொஞ்சம் மெதுவாகத்தான் போகும், ஆனால் தன்னிடம் இருக்கும் பலத்தை எல்லாம் பட்ட இடத்திலேயே இறக்கி வைத்துவிடும். எலி, முயல் மாதிரி உயிருள்ளவற்றுக்கு அதுதான் சரி. நாலரையில் அடித்தால் குண்டு ஊசி மாதிரி உள்ளே போய் வெளியே வந்துவிடும். எலி ஓடிப்போய் எங்கேயோ மூலையில் கிடந்து இரண்டு நாள் கழித்துச் சாகும். வேட்டையாடுகிறவனுக்குக் கொஞ்சமாவது இரக்கம் வேண்டும். கேலிபர் தேர்வு என்பதே அடிப்படையில் இரக்கம் சம்பந்தப்பட்ட விஷயம் என்று நான் கடையில் சொல்வதுண்டு. சிரிப்பார்கள்.

மூன்றாவதாக ஆறேகால் என்றும் ஒன்று இருக்கிறது. அதை வாங்குபவர்களில் பாதிப் பேர் தோளில் மாட்டிக்கொண்டு படம் எடுத்துவிட்டு, உறை போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள். அவர்களால் ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் இல்லை. எனக்கு அவர்களை ரொம்பப் பிடிக்கும்.

கவுன்ட்டரில் நான் முதலில் கேட்பது மூன்று கேள்விகள். எதைச் சுடப் போகிறீர்கள், எங்கே வைத்துச் சுடப் போகிறீர்கள், குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது. இதற்குப் பதில் சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் எல்லாம் “ஸ்பீடு எவ்ளோ?” என்று திருப்பிக் கேட்பார்கள். போன மாதம் ஒருவர் வந்தார். காட்டுப்பன்றி அடிக்க நாலரை போதுமா என்று கேட்டார். பன்றிக்குக் கோபம் வரப் போதும் என்றேன். அவர் முதலாளியிடம் புகார் செய்தார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, வாடிக்கையாளரிடம் நகைச்சுவை வேண்டாம் என்றார். நான் நகைச்சுவையாக எதுவும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். முதல் தடவை துப்பாக்கியைத் தொடுபவர்கள் சுட்டால் குண்டு எப்போதும் குறிக்குக் கீழே போகும். விசையை மெதுவாக இழுக்கத் தெரியாது, வாசல் மணியை அழுத்துவது மாதிரி ஒரே அமுக்காக அமுக்குவார்கள், குழலின் முனை தாழ்ந்துவிடும். ஒரு நாளைக்கு நான்கு பேருக்காவது இதைச் சொல்கிறேன். நீங்கள் இதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

இனி சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். பதினாறு வருடமாகச் சொந்தம். எதைப் பற்றிக் கேட்டாலும் அவரிடம் ஒரு பதில் இருக்கும், கேட்காவிட்டாலும் இருக்கும். பல் வலி என்றால் பல் டாக்டருக்கு முன்னால் அவர் வாயைத் திறப்பார். அவருக்குக் கல்யாணமான புதிதில் குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மேசைக் கால் ஒன்று ஆடுகிறது, அடியில் மூன்று மில்லிமீட்டருக்கு எதையாவது செருக வேண்டும் என்று சொன்னேன். அன்றைக்கே எனக்கு ‘மில்லிமீட்டர்’ என்று பெயர் வைத்துவிட்டார். நல்ல பெயர்தான். என் மாமியார்கூட இப்போது போன் செய்து, “மில்லிமீட்டர் மாப்பிள்ளை கடைக்குப் போயிட்டாரா?” என்றுதான் விசாரிக்கிறார். மேசையின் காலில் செருகிய அட்டை இன்றுவரை சரியாக இருக்கிறது. அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

சென்ற வருடம் அவர் குடோனில் எலித் தொல்லை அதிகமாகிவிட்டது. வீட்டுக்கு வந்தபோது எல்லார் முன்னாலும் கேட்டார்.

“என்ன சகலை, எலிக்கு எந்தத் துப்பாக்கி வாங்கலாம்? நம்ம வீட்லயே எக்ஸ்பர்ட் இருக்கும்போது வெளிய எதுக்குக் கேக்கணும்?”

கேட்டவிதம் கிண்டல்தான். ஆனாலும் கேள்வி கேள்விதானே. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து முறையாகப் பதில் சொன்னேன். “அஞ்சரை வாங்குங்க. சாதா ஈயக் குண்டு போடுங்க. உங்க குடோன் பூரா இரும்புத் தூணு. ஈயம் இரும்புல பட்டா நசுங்கி அங்கயே விழுந்துடும். வேகம் ஜாஸ்தின்னு நாலரையில ஈயம் இல்லாத அந்தக் கெட்டிக் குண்டைப் போட்டீங்கன்னா, எங்க பட்டு எங்க திரும்பும்னு யாருக்கும் தெரியாது.”

சொல்லி முடித்த பத்தாவது நாள், வேறு கடையில் வாங்கிய நாலரைத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கே வந்தார். காட்டுவதற்காக. பெட்டியிலேயே வேகம் அச்சடித்திருக்கிறது பாருங்கள் என்று முதலாளியிடம் காட்டினார். “மில்லிமீட்டர் சொன்னதைக் கேட்டிருந்தா இந்நேரம் கவண்கல்லு வாங்கியிருப்பேன்” என்றார். முதலாளி சிரித்தார். கடையில் நின்றிருந்த இரண்டு பேர், என்னிடம் ஐந்தரை பார்த்துக்கொண்டிருந்தவர்கள், அவர்களும் சிரித்தார்கள். பிறகு நாலரை எடுத்துக்கொண்டு போனார்கள்.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவரிடம் நான் சொன்னது ஒரே தடவை. அதற்குப் பிறகு சொல்லவில்லை. பிறகு ஒருநாள் குண்டு தீர்ந்துவிட்டது என்று வந்தார். அந்தக் கெட்டிக் குண்டைத்தான் கேட்டார். டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். “இது நல்லா வேகமா போகும்” என்றேன். அது பொய்யில்லை.

என் மனைவியிடம் மட்டும் நூறு தடவை சொல்லியிருப்பேன். அவள் காய் நறுக்குவாள், நான் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்று, எலிக்கு ஏன் ஐந்தரை என்று சொல்வேன். டார்கெட் பெட்டியின் சாய்ந்த தகடு, ஈயம், கெட்டிக் குண்டு எல்லாம் அவளுக்கு மனப்பாடம். “ஆமாங்க, காகிதத்துக்கு நாலரை, எலிக்கு அஞ்சரை, போட்டோவுக்கு ஆறேகால்” என்பாள், கத்தியை நிறுத்தாமல். உலகத்தில் என் பேச்சைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். இதை எழுதும்போது கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது.

சகலைக்கு எலிகள் விழ ஆரம்பித்தன. குடும்பத்தில் யார் வீட்டில் சேர்ந்தாலும் எண்ணிக்கை சொல்வார். இன்றைக்கு ஏழு, நேற்று பதினொன்று. ஒவ்வொரு எண்ணுக்கும் பிறகு என் பக்கம் திரும்பி, “நாலரைதான் சகலை” என்று முடிப்பார். எத்தனை எலிகள் ஓடிப்போய் மூட்டைக்கு அடியில் செத்து நாறின என்ற கணக்கை அவர் சொல்லவில்லை. குடோனுக்குப் போனால் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டியிருந்தது. அதை மச்சினிதான் என் மனைவியிடம் சொன்னாள்.

போன மாதம் அவரே ஒரு யோசனை சொன்னார். “வாய்ப்பேச்சு எதுக்கு? ஞாயித்துக்கிழமை குடோன்ல டார்கெட் வெப்போம். நீங்க அஞ்சரையைக் கொண்டாங்க, நான் நாலரை. சுட்டுப் பாத்துடலாம்.” காகிதத்தில் சுட்டால் நாலரைதான் ஜெயிக்கும். எலிக்கு எது என்ற கேள்விக்குக் காகிதத்தில் பதில் தேடுவது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று விளக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, சரி, நானே கடையிலிருந்து பெட்டி கொண்டுவந்து எல்லாம் தயார் செய்து தருகிறேன் என்றேன். “பாத்தியா, சகலைக்கு ரோஷம் வந்துடுச்சு” என்றார்.

பெட்டி என்றால், குண்டு பிடிக்கும் இரும்புப் பெட்டி. முன்பக்கம் காகிதம் மாட்டலாம். உள்ளே கெட்டியான தகடு ஒன்று முன்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். குண்டு அதில் பட்டுக் கீழே இருக்கும் மணலில் விழும். தகடு சாய்ந்திருப்பதில்தான் அந்தப் பெட்டியின் பத்திரமே இருக்கிறது. இரண்டு போல்ட்டுகள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் குடோனுக்குப் போனேன். மூட்டைகளை அடுக்கி அவற்றின்மேல் பெட்டியை வைத்தேன். இரண்டு போல்ட்டையும் தளர்த்தித் தகட்டை நிமிர்த்தி, மறுபடி இறுக்கினேன். ஐந்து நிமிட வேலை.

ஏன் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சிலருக்குச் சொன்னால் புரியும், சிலருக்குப் பட்டால்தான் புரியும். நாலரையில் கெட்டிக் குண்டு போட்டு இரும்பு இருக்கும் இடத்தில் சுட்டால் திரும்பி வரும் என்று நான் சொன்னேன். திரும்பி வராது என்று அவர் சொன்னார். ஒரு தடவை திரும்பி வந்துவிட்டால் பிரச்சினை முடிந்துவிடும். கன்னத்தில் ஒரு கீறல் விழும், ஒரு தையல், மிஞ்சிப்போனால் இரண்டு. அதற்குப் பிறகு எந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் அவர் அந்தப் பேச்சை எடுக்கமாட்டார். அவருடைய பாதுகாப்புக்கும் அது நல்லதுதான். தகடு நேராக இருந்தது என்பதை யாரும் கவனிக்கப்போவதில்லை. அந்தக் குடும்பத்தில் அப்படிப்பட்டவற்றைக் கவனிப்பவன் நான் ஒருவன்தான்.

கன்னம் என்று மேலே எழுதிவிட்டேன். பேனா நன்றாக எழுதுவதால் திருத்திவிடுகிறேன். மூட்டைகளை அடுக்கியபோது சுவரில் ஒரு கோடு போட்டு அளந்துகொண்டேன். அவர் என்னைவிட இரண்டு அங்குலம் உயரம். கோட்டை அவருடைய கண் உயரத்துக்குத்தான் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் நான்கு பேர். சகலை, மச்சினி, என் மனைவி, நான். மகள் கல்லூரி விடுதியில் இருந்தாள், நல்லவேளை. மச்சினி பிளாஸ்கில் காபி கொண்டுவந்திருந்தாள். நான் சுடும்போது எப்போதும் போடும் பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். “என்ன சகலை, வெல்டிங் வேலைக்கு வந்திருக்கீங்களா?” என்று கேட்டார் சகலை. எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். என் பையில் இன்னொரு கண்ணாடி இருந்தது. எப்போதும் இரண்டு வைத்திருப்பேன், யாராவது கேட்டால் கொடுப்பதற்கு. அவர் கேட்கவில்லை.

நான்தான் முதலில் சுட்டேன். ஐந்தரை, ஈயக் குண்டு. தகடு நேராக நின்றும் ஒன்றும் ஆகவில்லை. குண்டு நசுங்கிக் காசு மாதிரி தட்டையாகி மணலில் விழுந்தது. இதை நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அதே பெட்டி, அதே தகடு, அதே தூரம், ஐந்தரையில் ஒரு ஆபத்தும் இல்லை. நான் ஒரு வருடம் முன்பு சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி என்று அந்த இடத்திலேயே நிரூபணம் ஆகிவிட்டது. அதை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

சகலை தன் துப்பாக்கியில் குண்டைப் போட்டு மூடினார். சுடுவதற்காகத் தரையில் போட்டிருந்த கோட்டுக்குப் பின்னால் வந்து நின்றார். அப்போது என் மனைவி, “இருபத்திரண்டு வருஷமா இவர் துப்பாக்கி விக்கறாரு. ஒரு தடவையாவது என் கையில குடுத்திருக்காரா?” என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். சகலை உடனே திரும்பி, “அட, அண்ணி சுடட்டும். அண்ணி ஜெயிச்சா நாலரைக்குத்தானே பெருமை” என்று துப்பாக்கியை அவள் கையில் கொடுத்துவிட்டார். அவருடைய தாராள மனசு எப்போதும் தப்பான நேரத்தில்தான் வெளியே வரும்.

அவள் துப்பாக்கியைத் தப்பாகப் பிடித்தாள். கட்டையின் அடிப்பாகம் தோளில் பதியவில்லை.

“இப்படியாங்க?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“தோள்ல நல்லா அழுத்திப் பிடி. முழங்கையை இறக்கு” என்றேன். தப்பாகப் பிடித்திருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது.

“கண்ணாடி வேணாமா?”

“எலி சுடற துப்பாக்கிக்குக் கண்ணாடி எதுக்கு அண்ணி?” என்றார் சகலை.

என் கை பைக்குள் போனது. கண்ணாடிக் கூட்டின் மேல் விரல் பட்டது. அந்த இடத்தில் எனக்கு மூன்று மூச்சு நேரம் இருந்தது. பொய் சொல்லவில்லை, மூன்று. நிறுத்து என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்பார்கள். இவளுக்குக் கண்ணாடி கொடுத்தால், அவருக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பார்கள். அதைவிடக் கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது. அவள் சகலையைவிட ஒரு சாண் குட்டை. நான் கோடு போட்ட உயரத்தில் குண்டு திரும்பி வந்தால் அவள் தலைக்கு மேலே போய்ப் பின்னால் இருக்கும் மூட்டையில் சொருகிவிடும். எல்லாரும் அதைப் பார்ப்பார்கள். யாருக்கும் அடிபடாமலே பாடம் முடிந்துவிடும். உண்மையில் அது இன்னும் நல்ல ஏற்பாடு என்றுகூட எனக்குத் தோன்றியது. கையைப் பையிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன்.

அவள் விசையை ஒரே அமுக்காக அமுக்கினாள். குண்டு புள்ளிக்கு ஒரு சாண் கீழே பட்டது.

நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா.

அவள் கத்தவில்லை. துப்பாக்கியைக் கீழே போடக்கூட இல்லை. பத்திரமாகத் தரையில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து, உள்ளங்கையால் கண்ணை மூடிக்கொண்டாள். “என்னங்க, என்னமோ பட்டுடுச்சு” என்றாள். விரல்களுக்கு நடுவில் ரத்தம் வந்தது. மச்சினிதான் கத்தினாள். சகலையின் முகத்தில் ஈயாடவில்லை. பதினாறு வருடத்தில் முதல் தடவையாக அவரிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. நான் அதை ஒருகணம் கவனித்தேன், பிறகுதான் அவளைத் தூக்கினேன். அந்த ஒருகணத்தை எழுத வேண்டாம் என்று பார்த்தேன், ஆனால் எழுதிவிட்டேன்.

கண் டாக்டர் நான்கு மணி நேரம் போராடிவிட்டு வெளியே வந்து, வலது கண்ணில் இனி பார்வை வராது என்றார். குண்டு என்ன சைஸ் என்று கேட்டார். நாலரை என்றேன். குறித்துக்கொண்டார்.

நீங்கள் விசாரணைக்குப் போனபோது சகலை உங்களிடம் சொன்னதுதான் மூன்றாம் பக்கம். “எங்க சகலைதான் இந்தத் துப்பாக்கியை வாங்கச் சொன்னாரு. அவரு அந்தத் தொழில்லயே இருக்கறவரு. அவர் சொன்னதைத்தான் செஞ்சேன்.” நான் சொன்னதைக் கேட்டதாக அவர் சொன்னது வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை. அதுவும் பொய். நீங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள்: ‘விற்பனையாளரான உறவினரின் அறியாமையால் பரிந்துரைக்கப்பட்ட, பொருத்தமற்ற கேலிபரே விபத்துக்குக் காரணம். குற்ற நோக்கம் எதுவும் தெரியவில்லை.’

இரண்டாவது வாக்கியத்தைப் பற்றி எனக்குக் குறை இல்லை. முதல் வாக்கியத்தை மறுபடி படித்துப் பார்த்தேன். நீங்கள் வெளியே போனதிலிருந்து எட்டு தடவை படித்துவிட்டேன்.

முந்தாநாள் ஆஸ்பத்திரியில் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாதி முகத்துக்குக் கட்டுப் போட்டிருந்தார்கள். நர்ஸ் வெளியே போகும்வரை காத்திருந்தாள். பிறகு கேட்டாள்.

“தகடு நேரா இருந்துச்சு, இல்ல?”

நான் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

“சனிக்கிழமை ஸ்பேனரை எடுத்துட்டுப் போனீங்க. பெட்டியைத் தூக்கி மூட்டை மேல வைக்கறதுக்கு எதுக்குங்க ஸ்பேனர்?” குரலில் கோபம் இல்லை. “தகடு சாஞ்சிருந்தா திரும்பாதுன்னு நீங்கதான சொல்லிக்கிட்டே இருப்பீங்க.”

நான் கற்றுக்கொடுத்தது வீண்போகவில்லை. அத்தனை பேரில் அவள் ஒருத்திதான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது இல்லை என்பதால் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

“என்கிட்ட நூறு தடவ சொன்னீங்க. அவர்கிட்ட ரெண்டாவது தடவ சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா கேக்கற ஆளா அவரு?”

“கேட்டுடுவாரோன்னுதான் நீங்க சொல்லல” என்றாள். பிறகு என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். “போலீஸ்காரங்க வந்து கேட்டாங்க. பெட்டியை யாரும் தொடலைன்னு சொல்லிட்டேன். பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வருஷம் படிப்பு இருக்கு. அவளுக்கு அப்பா வேணும். எனக்கும் கை பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஒரு ஆள் வேணும். போனது போகட்டும். கூப்பிட்டா போங்க, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வீட்டுக்கு வந்துடுங்க. வாயைத் திறக்காதீங்க. எனக்கு சத்தியம் பண்ணுங்க.”

பண்ணினேன். அதைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் இன்று காலையும் இங்கே வந்தேன். இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு, பத்து நிமிடத்தில் பஸ் பிடித்து, நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அவளுக்கு மதிய மருந்து கொடுக்கும் நேரத்துக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். நீங்கள் கோப்பை மூடி வைத்துவிட்டுப் போயிருந்தால் அப்படித்தான் நடந்திருக்கும். நீங்கள் உங்களை நொந்துகொள்ள வேண்டாம்.

அவள் சொன்னது சரியா என்று கேட்டால், சரியில்லை. சகலை கேட்டுவிடுவாரோ என்று எனக்கு எந்தப் பயமும் இருந்ததில்லை. நான் யாருக்கும் கெடுதல் நினைப்பவன் அல்ல. அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள். எலிக்குக்கூட வலிக்கக் கூடாது என்று நினைத்துத்தான் ஐந்தரை சொன்னேன்.

ஆகவே நடந்தது இதுதான். தகட்டை நிமிர்த்தியது நான். கண் உயரத்துக்கு மூட்டை அடுக்கியது நான். அவள் கேட்டும் பையில் இருந்த கண்ணாடியை எடுத்துக் கொடுக்காதது நான். பெட்டியை யாரும் தொடவில்லை என்று என் மனைவி சொன்னதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம், வலியில் சொன்னது. ஸ்பேனர் வீட்டில் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. போல்ட்டின் தலையில் புதுக் கீறல் இருக்கும், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். மகளுக்கு நீங்களே போன் செய்து சொல்லிவிட்டால் நல்லது. எண்ணைக் கடைசித் தாளில் எழுதியிருக்கிறேன். இதில் சகலைமேல் குற்றம் ஒன்றும் இல்லை, அவரை விட்டுவிடலாம். ஆனால் விடுவதற்கு முன்னால், நான் ஐந்தரைதான் சொன்னேன், நாலரையை அவராகத்தான் வாங்கினார் என்று அவர் கையாலேயே எழுதி வாங்கிக் கோப்பில் சேர்த்துவிட வேண்டும். தேதியும் போடச் சொல்லுங்கள்.

மதியம் ஒரு மணிக்கு அவளுக்குச் சொட்டு மருந்து விட வேண்டும். இடது கண்ணுக்கு, அதுவும் கெடாமல் இருக்க. யாரையாவது அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள்.

மற்றபடி நீங்கள் கேட்ட இரண்டு பக்கம் முதலிலேயே இருக்கிறது. தனியாகக் கிழித்து எடுத்துக்கொள்ளலாம், யாருக்காவது உபயோகப்படும். மூன்றாம் பக்கத்தில் ‘அறியாமை’ என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் நீங்கள் வேறு எதை எழுதினாலும் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.